மார்லன் எழுந்திருக்காத பந்தி

வாய்ச்சவடாலை ஒரு பாடமாக வைத்திருந்தால் நான் அதில் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருப்பேன். வைக்கவில்லை. அதனால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். (பாஸ் ஆயிட்டேன். எப்படின்னு மட்டும் கேக்காதீங்க.) இந்த வாயால் நான் கெட்டது பல தடவை. ஆனால் இன்னொரு மனுஷரைக் கெடுத்தது ஒரே ஒரு தடவைதான். அவர் ஓர் அமெரிக்கர். கூடைப்பந்து ஆடுவதையே தொழிலாக வைத்திருப்பவர். பதினொரு நாட்டு எதிரணிகளால் செய்ய முடியாததை நான் ஒரே மத்தியானத்தில் செய்து காட்டினேன். அவரை ஓடவே முடியாமல் ஆக்கினேன்.

எனக்குத் திருவண்ணாமலை. டிகிரி முடித்து 'இன்டர்வியூ போய்க்கிட்டிருக்கு' என்று சொல்லிக்கொள்ளும் காலம். (எங்க போய்க்கிட்டிருக்குன்னு எனக்கே தெரியாது.) சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்து சிமென்ட் கோர்ட்டில் இருப்பேன். எங்கள் டீமில் பதினோரு பேர். ஐந்து பேர் ஆடுவார்கள், ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள், ஒருவர் தண்ணீர் பாட்டில்களுக்குப் பொறுப்பு. நான் என்ன பொறுப்பில் இருந்தேன் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

அப்படி ஒரு சாயங்காலம் கோர்ட்டில் திடீரென்று வெயில் குறைந்தது. மேகம் என்று நினைத்துத் திரும்பினால், மார்லன் நின்றுகொண்டிருந்தார். ஆறடி ஒன்பது அங்குலம். வலது முட்டியில் கறுப்புப் பட்டை. "நானும் கொஞ்சம் ஆடலாமா?" என்று கேட்டார். எங்கள் கேப்டன் பிரபா அண்ணன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கையிலிருந்த பந்தை மாலை போடுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினார்.

மார்லனின் அம்மா லொரெட்டா, அமெரிக்காவில் முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தியானம் செய்ய வந்து, அடி அண்ணாமலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். மகனுக்கு முட்டியில் ஆபரேஷன். ஓய்வெடுக்க அம்மாவிடம் வந்துவிட்டார். (முப்பத்தஞ்சு வயசானாலும் ஒடம்பு முடியலன்னா அம்மாகிட்டதான் வரணும். அமெரிக்கான்னா மட்டும் இன்னா.)

அன்றைக்கே நான் அவருடைய மேனேஜர் ஆனேன். யாரும் நியமிக்கவில்லை. "அவருக்கு லோக்கல்ல ஒரு ஆள் வேணும், நான் பாத்துக்கிறேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். மறுப்பு வரவில்லை. அவ்வளவுதான் அப்பாயின்ட்மென்ட். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் என் காதில் அவர் பேச்சு எங்க ஊர்ப் பேச்சாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஓய்வு நேரத்தில் அவர் சொன்ன கதைகளை வைத்து ஒரு டிகிரியே வாங்கலாம். அமெரிக்காவின் பெரிய லீக்கில் இடம் கிடைக்காதவர்கள் உலகம் முழுக்கச் சிதறிப்போய் ஆடுவார்கள். ஒவ்வொரு டீமும் ஒன்றோ இரண்டோ வெளிநாட்டுக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அங்கே பெயர் 'இம்போர்ட்'. "பன்னெண்டு வருஷமா நான் இறக்குமதி சரக்குடா" என்பார். பின்லாந்தில் ஒரு டீமுக்கு பஸ் ஓட்டுகிறவர்தான் அசிஸ்டென்ட் கோச்சாம். உருகுவேயில் மேட்ச் முழுக்க மேளம் அடிப்பார்களாம், தோற்றாலும் நிறுத்த மாட்டார்களாம். சைப்ரஸில் ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்து தன் வீட்டுக் கதவைத் திறந்தால், அடுக்களையில் முன்பின் தெரியாத ஒரு நெடிய ஆள் உட்கார்ந்து இவர் வாங்கி வைத்த கார்ன்ஃபிளேக்ஸை இவர் கிண்ணத்திலேயே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம்.

"யாருன்னு கேட்டியாண்ணா?"

"கேட்டேன். புது இம்போர்ட்டுன்னான். அப்பதான் எனக்கு வேல போச்சுன்னே தெரியும்."

"அப்பறம்?"

"நானும் ஒரு கிண்ணம் போட்டுக்கினேன். பாலு என்து."

இன்னொரு கதையும் சொன்னார். அதை நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ருமேனியாவில் ஒரு கிளப் தலைவரின் அம்மா வீட்டில் விருந்து. மார்லன் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த மேட்ச்சுக்கு டீம் பட்டியலில் இவர் பெயர் இல்லை. சமையலால் போச்சா, ஆட்டத்தால் போச்சா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார். எந்த நாட்டில் யார் வீட்டில் என்ன வைத்தாலும், தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை. லெபனானில், இந்தோனேஷியாவில், எல்லா இடத்திலும் அப்படித்தான். நான் தலையாட்டினேன். ஆட்டிய ஆட்டத்தில் வந்த விஷயம் வெளியே போய்விட்டது போலிருக்கிறது.

இரண்டு மாதத்தில் முட்டி சரியானது. அப்போதுதான் அவருடைய ஏஜென்ட் செய்தி அனுப்பினார். தைவானில் ஒரு கிளப்புக்கு சென்டர் இடத்தில் ஆட உயரமான ஆள் வேண்டும். ஆனால் ஆபரேஷன் ஆன முட்டி என்று யோசிக்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் முழு மேட்ச் வீடியோ ஒன்று அனுப்பினால் பார்த்து முடிவு சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வேண்டும்.

ஞாயிறுதான் எங்கள் ஊர்ப் போட்டியின் அரையிறுதி. எதிரணி வேலூர். விதிப்படி ஒரு டீமுக்கு ஒரு கெஸ்ட் பிளேயர் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தாயிற்று. நான்கரை மணிக்கு மேட்ச். வீடியோ எடுக்கும் வேலை என்னுடையது.

"இது கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"ஒஹாயோல என் பங்காளி ஒருத்தன் சோபா கட வச்சிருக்கான். டெலிவரிக்கு ஆள் வேணும்னு ரெண்டு வருஷமா கூப்டறான். முப்பத்தஞ்சு வயசுல இனிமே யாரும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்க சதீஷ். இதான் கடைசி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முட்டிப் பட்டையை இறுக்கிக் கட்டினார்.

இப்போது என் வாய் உள்ளே நுழைகிறது.

அதே ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் என் அத்தை சரோஜாவின் பேத்திக்குக் காதுகுத்து. நான் பத்து நாளாகக் குடும்ப குரூப்பில் மார்லனோடு எடுத்த போட்டோக்களாகப் போட்டுத் தள்ளியிருந்தேன். அத்தையின் வீட்டுக்காரர் தணிகாசலம் மாமா ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: 'நல்லா எடிட் பண்ணியிருக்கான்.' அதற்கு முப்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை. அத்தை போன் பண்ணினார்.

"மருமவனே, நெசமாவே உன் கூட்டாளியா அந்த ஆளு?"

"கூட்டாளி இல்ல அத்த. நான் அவருக்கு மேனேஜர்."

"அப்படின்னா காதுகுத்துக்கு இட்டுகினு வா. பாப்போம்."

இதற்கு மேல் ஒரு மானஸ்தன் என்ன செய்வான்? மார்லனிடம் போய், "சும்மா அரை மணி நேரம்ணா. தலைய காட்டிட்டு வந்துரலாம்" என்றேன். விருந்தாளியாகக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்பது அவருடைய பன்னிரண்டு வருஷப் பாடம். சரி என்றார்.

காலையில் கூப்பிடப் போனபோது லொரெட்டா அம்மா வாசலில் நின்றிருந்தார். அவர் பத்து நாள் மௌன விரதத்தில் இருந்தார். அன்று ஏழாம் நாள். பேசாமல் ஒரு சீட்டை என் கையில் கொடுத்தார். என் கண்ணைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி என் கண்ணைப் பார்த்தார். "ஓகே அம்மா, ஓகே" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏதோ வாழ்த்து எழுதியிருப்பார் என்று நினைத்தேன். (ஆமா, ஏழு நாள் வாயத் தொறக்காத அம்மா எனக்கு வாழ்த்து மடல் எழுதுவாங்க பாருங்க.)

ஆட்டோவில் பின் சீட் முழுக்க மார்லன். நான் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்போடு. போகிற வழியில் அவருக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்தேன். 'நல்லாருக்கு.' யார் எது கொடுத்தாலும் அதைச் சொன்னால் போதும், எல்லாரும் குஷியாகிவிடுவார்கள் என்றேன். 'போதும்' என்ற வார்த்தையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மண்டபத்து வாசலில் மார்லன் குனிந்து நுழைந்தபோது மேளக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டார். தணிகாசலம் மாமா பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார். போட்டோ இல்லை என்று நிச்சயம் செய்ய, அவர் முழங்கையை ஒரு தடவை அமுக்கியும் பார்த்தார்.

"ஏண்டா சதீசு, எம்மா ஒசரம்டா. பேரு இன்னா?"

"மார்லன் மாமா."

"மாரியா? நம்ம பேராத்தான் கீது. வாங்க மாரி, வாங்க வாங்க, மொதல்ல சாப்டுங்க."

பதினொன்றே முக்கால். முதல் பந்தி. அவரை உட்கார வைத்து, "கொஞ்சமா சாப்டுண்ணா, நான் பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். வெளியே என் அத்தை மகன்கள், பெரியப்பா மகன்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று இருபது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். தைவான் கிளப்போடு நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அடுத்து ஸ்பெயின் என்றேன். அவருடைய டயட்டைக்கூட நான்தான் கவனிக்கிறேன் என்றேன். இதைச் சொல்லும்போது லொரெட்டா அம்மாவின் சீட்டு என் நெஞ்சுக்கு நேரே பையில் இருந்தது. கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

பத்து நிமிஷம் என்றது எவ்வளவு நேரமானது என்பது, அத்தை மகன் ஒருவன் உள்ளேயிருந்து வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

"டேய், உன் ஆளு சூப்பர்டா. மூணாவது பந்தி போய்கினு இருக்கு. இன்னும் எழுந்திருக்கல."

ஓடினேன். காட்சி இதுதான். முதல் பந்தி ஆட்கள் கை கழுவிவிட்டுப் போய், இரண்டாம் பந்தி ஆட்களும் போய், மூன்றாம் பந்தி பாதியில் இருக்கிறது. வரிசை முழுக்க ஆட்கள் மாறியிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒருவர் மட்டும் அசையாமல், மூர்த்தியைப்போல. இலையில் பிரியாணி. எதிரில் வாளியோடு தணிகாசலம் மாமா, வியர்த்து வழிய. சுற்றி ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. அத்தை கண்ணில் தண்ணீர் தளும்ப நிற்கிறார், பெருமையில்.

மார்லன் என்னைப் பார்த்தார். கடலில் மிதக்கிறவன் படகைப் பார்க்கிற பார்வை.

"சதீஷ்," என்றார் மெதுவாக. "இது இன்னும் எத்தனி ரவுண்டு?"

"ரவுண்டா? இன்னா ரவுண்டுணா?"

"நான் முடிச்சா அவரு வைக்கிறாரு. அவரு வச்சா நான் முடிக்கிறேன். நல்லாருக்குன்னு சொன்னா ரெண்டு மடங்கா வைக்கிறாரு. பாதி பேரு எழுந்து போய்ட்டாங்க, அவங்கள்லாம் தோத்துட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ருமேனியாவில் எடுத்த முடிவுப்படி, இலையில் மிச்சம் வைப்பது வீட்டுக்காரர்களுக்கு அவமானம். அதனால் ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறார். எங்கள் வீட்டு வழக்கப்படி, விருந்தாளி முன்னால் காலி இலை கிடப்பது வீட்டுக்காரர்களுக்கு அவமானம். அதனால் மாமா ஒவ்வொரு முறையும் நிரப்பியிருக்கிறார். இரண்டு மரியாதைஸ்தர்கள் இரண்டு மணி நேரமாக ஒருவரை ஒருவர் மரியாதை செய்து கொன்றுகொண்டிருந்தார்கள்.

"மாமா, போதும் மாமா. சாயங்காலம் மேட்ச் கீது அவருக்கு."

"நான் இன்னாடா பண்றது? எலய காலி பண்ணிட்டு என் மூஞ்சியவே பாக்கறாரு. காலி எலய வச்சிகினு ஒரு மனுசன் குந்தினு இருந்தா பாத்துகினு போவ சொல்றியா? நாளைக்கி ஊரு இன்னா பேசும்?"

"பாவம்டா," என்றார் அத்தை. "கூச்ச சுபாவம். வாயத் தொறந்து கேக்க தெரியல. நாமதான் பாத்து பாத்து வைக்கணும்."

நான் குனிந்து, இலையின் மேல் பாதியைப் பிடித்து அவர் பக்கமாக மடித்தேன். மாமா சட்டென்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. மார்லன் மடித்த இலையைப் பார்த்தார். போகிற மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாண்ணா."

"இத எப்ப சொல்லலாம்னு இருந்த?"

எழுந்திருக்க இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுத்தோம். பட்டியல் கிளம்பும்போதே மாமா மூலம் கிடைத்தது. கேசரி நான்கு தடவை. மட்டன் பிரியாணி ஏழு. கோழி வறுவல் கணக்கில்லை. அவித்த முட்டை ஒன்பது. பிறகு வெள்ளைச் சோறு, குழம்பு, ரசம், மோர். மோருக்குப் பிறகு முடிந்தது என்று அவர் நினைத்தபோது, இரண்டாம் பந்திக்கு மறுபடி கேசரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் தன் மனசு உடைந்துபோனதாக மார்லன் பிற்பாடு சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கண்ணை மூடியபடியே ஒரு விரலைத் தூக்கினார். மூடிக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவரிடமிருந்து ஒரு சின்ன முனகல் மட்டும் வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பிரசவ கேஸ இட்டுகினு போற மாதிரி கீது" என்றார்.

நான்கரை மணி. கோர்ட்டைச் சுற்றி நல்ல கூட்டம். அமெரிக்காக்காரர் ஆடுகிறார் என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே. வேலூர் பையன்கள் நடுங்கிப்போய் நின்றார்கள். என் போனை ஸ்டாண்டில் மாட்டி, பதிவை ஆரம்பித்தேன். முதல் வரிசை நாற்காலியில் லொரெட்டா அம்மா, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு.

ரெஃப்ரி பந்தைத் தூக்கிப் போட்டார். மார்லன் குதித்தார். குதித்தார் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். குதிகால் தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பியது. வேலூர் பையன் பந்தைத் தட்டிவிட்டு, தட்டிய அதிர்ச்சியில் தானே நின்றுவிட்டான். முதல் ஐந்து நிமிஷத்தில் பதினான்குக்கு இரண்டு. மார்லன் பாதி கோர்ட்டைத் தாண்டுவதற்குள் பந்து எங்கள் கூடையில் விழுந்து மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடும். அவர் அப்படியே திரும்பி நடப்பார்.

"அண்ணா, இவரா அமெரிக்கா?" என்று வேலூர் கேப்டன் பிரபா அண்ணனிடமே கேட்டான்.

பிரபா அண்ணன் டைம் அவுட் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"டேய், இன்னாத்தடா குடுத்த அவருக்கு?"

"சோறுணா."

"எவ்ளோ?"

"மூணு பந்தி."

அண்ணன் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வெறித்துப் பார்த்தார். திரும்பிப் போனார்.

நானோ போனுக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். "ஓடுண்ணா, ஓடு. ஐயோ அண்ணாமலையாரே, ஒரே ஒரு தடவ ஓட வையி. என் தப்புதாண்ணா, எல்லாம் என் தப்பு." அத்தனையும் போனில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நினைவில்லை. (இன்ஜினியர்.)

இடைவேளையில் லொரெட்டா அம்மா எழுந்து வந்தார். நோட்டில் எழுதிக் காட்டினார்: 'நான் கொடுத்த சீட்டைப் படித்தாயா?'

பையிலிருந்து எடுத்து, அப்போதுதான் முதல் தடவையாகப் பிரித்தேன். 'பதினொரு மணிக்கு வாழைப்பழம் ஒன்று, ரொட்டி இரண்டு துண்டு. பிறகு எதுவும் வேண்டாம். யார் எதை வைத்தாலும் என் மகன் சாப்பிட்டுவிடுவான், வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. தயவுசெய்து அவன் பக்கத்திலேயே இரு.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

"மூணு பந்தி அம்மா," என்றேன். அவர் கேட்டது அது இல்லை, ஆனால் என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, ஏழு நாள் கழித்து, வாயைத் திறந்தார்.

"ஒரு பந்தின்னா எவ்ளோ?"

மலையைப் பார்த்து, மூச்சைக் கவனித்து, பேச்சைத் துறந்து அந்த அம்மா ஒரு வாரம் கட்டிக் காத்ததை உடைத்தவன் நான். விளக்கிச் சொன்னேன். முட்டை ஒன்பது என்று வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நேராக மகனிடம் போனார். எதிர்க் கடையிலிருந்து கோலி சோடா இரண்டு வாங்கி வரச் சொன்னார். மார்லன் இரண்டையும் ஒரே மூச்சில் குடித்தார். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஏப்பம் வந்தது. அதை வர்ணிக்க மாட்டேன். வேலூர் டீமில் ஒருவன் பந்தைக் கீழே போட்டுவிட்டான் என்பதோடு விடுகிறேன்.

மூன்றாவது குவார்ட்டரில் அவர் நடையை ஓட்டம் என்று சொல்லலாம் போல இருந்தது. நான்காவது குவார்ட்டரில்தான் பதினொரு நாட்டு ஆட்டத்தைப் பார்த்தோம். ஓடித் துரத்த முடியாது என்று தெரிந்து கூடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பந்து வந்தால் பார்க்காமலே யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர் கையில் போய் உட்கார்ந்தது. இரண்டு தடவை எகிறி, கம்பியைப் பிடித்துப் பந்தை உள்ளே திணித்தார். கம்பம் ஆடியது. கூட்டம் எழுந்து நின்றது. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தை ஏழாகக் கொண்டுவந்தோம். நேரம் முடிந்துவிட்டது. தோற்றோம்.

எல்லாரும் போன பிறகு மார்லன் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, நான் எடிட் பண்ணித் தரேன். கடைசி குவார்ட்டர முன்னாடி போட்டு, மொதல் பாதிய கொஞ்சம் குறைச்சி. யாருக்கும் தெரியாது."

"அவங்க முழு மேட்ச் கேட்டாங்க. நான் முழு மேட்ச் ஆடினேன். அனுப்பு."

"நான் கத்தினதயாவது எடுத்துரட்டுமா?"

"அது இருக்கட்டும். நான் ஏன் ஓடலன்றதுக்கு ஒரு சாட்சி வேணுமில்ல."

அனுப்பினேன். மறுநாள் காலையில் தைவானிலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. உடல்தகுதி திருப்தியாக இல்லை, நன்றி.

மன்னிப்புக் கேட்க அடி அண்ணாமலைக்குப் போனேன். மார்லன் மொட்டைமாடியில் முட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் தயார் செய்துகொண்டு போயிருந்த நான்கு நிமிஷப் பேச்சு, படியேறுவதற்குள் காணாமல் போனது. "ஒக்காரு," என்றார். "நான் மேட்ச் நாளன்னிக்கி விருந்துக்கு வந்தது ஒன் தப்பு மட்டும் இல்ல. சோபா கடையும் ஒண்ணும் மோசமில்ல. முட்டி நல்லா பாரம் தாங்குது." லொரெட்டா அம்மா எனக்கும் காபி கொடுத்தார். விரதம் போனது போனதுதான் என்று இப்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் என்னைப் பற்றி.

மேட்ச் முடிந்து பதினோராம் நாள் மார்லனிடமிருந்து போன். "டேய், சீக்கிரம் வா." ஓடினேன். அவருடைய லேப்டாப்பில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஜார்ஜியா நாட்டுக் கோச். (அமெரிக்காவுல இருக்கிற ஜார்ஜியா இல்ல. ரஷ்யாவுக்குக் கீழ ஒரு தனி நாடு.) ஏஜென்ட் அந்த வீடியோவை அவருக்கும் அனுப்பியிருக்கிறார். முழுக்கப் பார்த்தவர், "கேமராவுக்குப் பின்னால ஒரு ஆள் ஒப்பாரி வைக்கிறானே, இன்னா சொல்றான்?" என்று கேட்டிருக்கிறார். மார்லன் காதுகுத்துக் கதையை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். என்னை நேரில் பார்க்க வேண்டும் என்று அந்தக் கோச்தான் கூப்பிடச் சொன்னாராம்.

அவர் சொன்னதன் சாரம் இது. எங்கள் நாட்டிலும் விருந்து என்றால் சாயங்காலம் உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்போம். அதில் பாதி சாப்பிட்டாலே மறுநாள் எங்கள் பையன்கள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்கள். இவன் மூன்று பங்கு சாப்பிட்டு, இரண்டரை மணி நேரத்தில் கோர்ட்டுக்கு வந்து, நான்காவது குவார்ட்டரில் அந்தப் பாரத்தோடு எகிறி இறங்கியிருக்கிறான். அந்த முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இனிமேல் எதுவும் ஆகாது. எங்கள் டாக்டரும் அதையேதான் சொல்கிறார்.

எட்டு மாத ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்று லொரெட்டா அம்மா என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. அந்த எட்டு மாதம் முடிந்து, இன்னொரு சீசனுக்கும் அவரையே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் இதனால் ஒரு புது அளவு பிறந்துவிட்டது. படி, கிலோ, லிட்டர் வரிசையில் 'மாரி'. சாதாரண மனுஷன் சாப்பிடுவது அரைக்கால் மாரி. என் பெரியப்பா மகன் கல்யாண வீடுகளில் கால் மாரி போடுவான். ஒரு மாரியை இதுவரை யாரும் தொட்டதில்லை.

போன மாதம் என் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். சமையல்காரர் நோட்டை விரித்துக்கொண்டு, எத்தனை பேருக்கு என்று கேட்டார். தணிகாசலம் மாமா கொஞ்சமும் யோசிக்காமல், "எரநூறு பேரு, மேல ஒரு மாரி" என்றார். சமையல்காரர் மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா மட்டும் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"மாரின்றது யாருங்க தம்பி? நெருங்கின சொந்தமா?"

"ஆமாங்க," என்றேன். "வேல விஷயமா ஜார்ஜியாவுல இருக்காரு."